கைப்படாத கல்

1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற சிற்றூருக்கு மேலே ஒரு நெருப்புப் பந்து உடைந்து சிதறியது. கரிக்கட்டை நிறத்தில் கற்கள், மொத்தம் 100 கிலோவுக்கும் மேல். ஒரு துண்டு கூரையைப் பொத்துக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. பொறுக்கியவர்களுக்கு ஸ்பிரிட் நெடி அடித்ததாம்.

விண்கல்லில் கரிமப் பொருள் உண்டு என்பது அப்போதே பழைய சேதி. ஸ்வீடன் வேதியியலர் பெர்சேலியஸ் 1834லேயே அதைத் தொட்டுவிட்டார். ஆனால் 1960களில் யாராவது விண்கல்லில் அமினோ அமிலம் கண்டேன் என்றால், “உன் கை பட்டிருக்கும்” என்றார்கள். கிண்டலல்ல. மனித விரலில் ஒட்டியிருக்கும் அமினோ அமிலங்களை 1965இல் அளந்து பார்த்தபோது, அந்தப் பட்டியல் விண்கல் பட்டியலை வெகுவாக ஒத்திருந்தது. 1864இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் கல்லில் யாரோ ஒரு குறும்புக்காரர் செடி விதையைப் பசை போட்டு ஒட்டிவைத்த கூத்து, நூறு வருஷம் கழித்து வெளியானதும் அப்போதுதான்.

மர்ச்சிசன் கல் நல்ல நேரம் பார்த்து விழுந்தது. அப்பல்லோ 11 நிலவு மண்ணோடு திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மண்ணுக்காகவே கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் துப்புரவான ஆய்வுக்கூடம் தயாராக இருந்தது. அங்கே வேதிப் பரிணாம ஆய்வுக்குத் தலைவர், இலங்கையின் காலியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த சிரில் பொன்னம்பெரும.

கீத் குவென்வோல்டனும் அவரும் சகாக்களும் கல்லின் உட்பகுதியைப் பொடித்துக் கொதிநீரில் சாறெடுத்தார்கள். கிளைசின், அலனின், குளூட்டாமிக் அமிலம் எல்லாம் கிடைத்தன. வழக்கைத் தீர்த்தது வேறொன்று. அமினோ அமில மூலக்கூறுகளில் பெரும்பாலானவை, நம் இரு கைகள்போல, இடம் வலம் என்று இரண்டு வடிவில் வரும். நம் உடம்பின் புரதத்தில் இருப்பது இடது மட்டும். விரல் பட்ட கறையென்றால் இடதுதான் மிகுந்திருக்க வேண்டும். கல்லில் இரண்டும் ஏறக்குறையப் பாதிப்பாதி! போதாததற்கு, புரதங்களில் இல்லாத சில அமினோ அமிலங்களும் இருந்தன. 1970 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது.

சண்டை ஓய்ந்துவிடவில்லை. 1997இல் ஆய்வாளர்கள் குரோனினும் பிட்சரெல்லோவும் அதே கல்லில், உயிரினங்களில் அரிதான சில அமினோ அமிலங்கள் 2 முதல் 9 சதவீதம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டினார்கள். உயிரின் இடக்கைப் பழக்கமே விண்ணிலிருந்து வந்ததோ என்ற ஆசை கிளம்பியது. 2023இல் பென்னு சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண் வந்தது. இம்முறை கல் தானாக விழவில்லை, விண்கலம் போய் அள்ளி மூடி எடுத்து வந்தது. அதில் நம் புரதங்களின் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. இடமும் வலமும் ஏறத்தாழச் சரிசமமாக.