தறியைக் காணும் பயணம்: செட்டிபாளையத்திலிருந்து மருதமுனை வரை

கல்விச் சுற்றுலா என்றதும் மட்டக்களப்பு எழுவான்கரைப் பாடசாலைகளுக்கு நினைவில் எழுபவை அநுராதபுரமும் சிகிரியாவும் கண்டியுமே. பார்க்க வேண்டிய இடங்கள்தாம், ஐயமில்லை. ஆனால், ஒரு நாட்டு மக்கள் எதை உடுத்தார்கள், அதை யார் நெய்தார்கள், நெய்தவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதும் வரலாறே. செட்டிபாளையத்து மாணவர் அவ்வரலாற்றைத் தேடி மலையேற வேண்டியதில்லை. கல்முனை வீதியில் தெற்கு நோக்கிச் சென்று, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, பெரியநீலாவணை ஆகிய ஊர்களைக் கடந்தால் மருதமுனை வந்துவிடும்.

இத்தகைய பயணத்துக்கு நம் நாட்டிலேயே முன்னோடி ஒருவர் இருக்கிறார். ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். கல்லையும் மண்ணையும் ஆராயக் கிராமங்களுக்குச் சென்றவரின் கண்ணில் கொல்லரும் குயவரும் நெசவாளரும் பட்டனர். உடன் சென்ற மனைவி எதெல் படமெடுத்தார். 1908இல் வெளிவந்த அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' அப்பயணங்களின் விளைவு. கைவினைப் பொருளின் அழகை வியப்பதோடு நில்லாமல், அதைச் செய்தவரின் வாழ்வையும் சமூக நிலையையும், அக்கலை நலிந்த காரணத்தையும் அவர் எழுதினார்.

அவர் தனியொருவராகச் செய்தது இன்று பாடத்திட்டமாகியிருக்கிறது. இந்தியாவில் 1986இல் தொடங்கப்பட்ட தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர்கள் நெசவூர்களுக்குச் சென்று ஆவணப்படுத்துவதைப் பயிற்சியாகவே செய்கிறார்கள். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆடை வடிவமைப்பில் பட்டம் வழங்குகிறது. ஆயினும், இலங்கையின் பாரம்பரிய நெசவு என்றதும் பலரும் சுட்டுவது கண்டி மாவட்டத்துத் தலகுனேயின் தும்பறை நெசவையே. கிழக்குக் கரையின் தறிகள் அந்த வரிசையில் பின்னுக்கே நிற்கின்றன.

மருதமுனை முஸ்லிம் மக்களின் ஊர். கைத்தறிச் சேலைக்கும் சாரத்துக்கும் பெயர்பெற்றது. தறியில் முதல் ஊடை ஓடுவதற்கு முன்பே பெரும் உழைப்பு முடிந்திருக்கும் என்பதை அங்கு செல்லும் மாணவர் நேரில் காணலாம். நூலுக்குச் சாயமிட வேண்டும்; உலர்த்திச் சுற்ற வேண்டும்; பாவு ஓட்ட வேண்டும்; ஒவ்வோர் இழையாக விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும். கட்டம் போட்ட சாரமொன்றில் ஓர் இழை இடம் மாறினாலும் கட்டம் கெட்டுவிடும். இக்கணக்கை ஏட்டில் எழுதாமல் கையிலேயே வைத்திருப்பவர்கள் அவர்கள்.

வடிவத்தை மட்டும் வரைந்துகொண்டு திரும்பினால் பயணம் பாதியில் நின்றதாகும். தறிகள் ஏன் குறைந்தன என்றும் கேட்க வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது உள்ளூர்க் கைத்தறிக்குச் சந்தை இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான வெளிநாட்டுத் துணி குவிந்தது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. பிறநாட்டுத் துணியைப் பிறநாட்டாருக்காகத் தைத்தனுப்பும் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக ஆடை உயர்ந்த அதே காலத்தில், நாடெங்கும் கைத்தறி நலிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மருதமுனையில் உயிர்களோடு தறிகளையும் கொண்டுபோயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வீதியின் வரலாற்றை எழுத இயலாது. தமிழூரும் முஸ்லிமூரும் அடுத்தடுத்து அமைந்த கரை இது. தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொது. சாரம் இரு வீட்டுக் கொடியிலும் உலர்வது. 1990 ஜூலையில் செட்டிபாளையத்தை அடுத்த குருக்கள்மடத்தில், இதே வீதியில் பயணம் செய்த முஸ்லிம்கள் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் வீரமுனையில் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அயலூருக்குப் போவதே அச்சமான பிறகு, அயலூரின் தொழிலை அறிந்த ஒரு தலைமுறை எங்கிருந்து உருவாகும்?

ஆதலால் இச்சிறு பயணத்தை நான் சுற்றுலாவாகக் கருதவில்லை. மாணவர் ஐந்து கேள்விகளோடு சென்றால் போதும். நூல் எங்கிருந்து வருகிறது? சாயத்துக்கு என்ன செலவு? ஒரு சேலைக்கு எத்தனை நாள்? நெய்தவர் கையில் எஞ்சுவது எவ்வளவு? பிள்ளைகளுக்கு இத்தொழிலைக் கற்றுக்கொடுக்க விருப்பமா? விடைகளைத் தமிழில் எழுதிப் பாடசாலை நூலகத்தில் வைக்கட்டும். தறிச் சொற்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் பெரிதல்ல; அதிபர் ஒருவரும் ஆசிரியர் இருவரும் மனம் வைத்தால் அடுத்த தவணையிலேயே போய் வரலாம்.