நுண்துளைப் பொருள்களின் வெப்பக் கடத்தல் அளவீடு

மண், செங்கல், மரத்தூள், பஞ்சு என உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட பொருள்களை உடைத்துப் பார்க்காமலே, வெப்பம் அவற்றின் ஊடே செல்லும் விதத்தைக் கொண்டு உள்ளமைப்பை அறியும் முறை. மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டி எளிதில் கரைவதில்லை. தூளின் இடுக்குகளில் அடைபட்ட காற்றே காரணம். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். ஆகவே துளைகள் எவ்வளவு, அவற்றுள் இருப்பது காற்றா நீரா, மணிகள் எப்படித் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்ற மூன்றும் அளவீட்டில் கலந்தே வெளிப்படும்.

வெப்பக் கடத்தலின் கணிதத்தை ஃபூரியே 1822இல் நூலாக்கினார். கலவைப் பொருள்களின் மின்கடத்தலுக்கு மாக்ஸ்வெல் 1873இல் தந்த சூத்திரம் வெப்பத்துக்கும் பொருந்தியது. ஆனால் ஒரே கடத்துதிறன் பல உள்ளமைப்புகளுக்கு வரக்கூடும். காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே அளப்பதுதான் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. சாதாரண அழுத்தத்தில் ஒரு காற்று மூலக்கூறு மற்றொன்றில் மோதுமுன் சராசரியாகச் சுமார் 70 நானோமீட்டர் செல்கிறது. அழுத்தம் குறையக் குறைய இத்தூரம் நீளும். அது துளையின் அகலத்தை எட்டியதும், மூலக்கூறுகள் தமக்குள் மோதுவதைவிடச் சுவர்களில் மோதுவதே மிகுந்து, கடத்தல் சரியத் தொடங்கும். சரிவு தொடங்கும் அழுத்தமே துளையின் அளவைக் காட்டிக்கொடுக்கும். ஏரோஜெல் என்னும் நுண்துளைப் பொருளை உருவாக்கிய அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர், அதன் வெப்பக் கடத்தலுக்கும் உள்ளமைப்புக்கும் உள்ள உறவை 1935இல் வெளியிட்டார். ஒளித்துடிப்பால் ஒரு பக்கத்தைச் சூடாக்கி மறுபக்கத்தில் அளக்கும் முறை 1961இல் வந்தது.

இத்துறையின் மிக அழகான சாதனை நிலவைப் பற்றியது. 1927 ஜூன் சந்திர கிரகணத்தின்போது, மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பெட்டிட், நிக்கல்சன் இருவரும் நிலவின் ஓர் இடத்தைத் தொடர்ந்து அளந்தனர். ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசாக இருந்த வெப்பநிலை, பூமியின் நிழல் மூடியதும் மைனஸ் 100 அளவுக்கு விழுந்தது. கெட்டிப் பாறையாக இருந்தால் அடியிலிருந்து வெப்பம் மேலேறி வந்து இவ்வளவு விரைவான குளிர்ச்சியைத் தடுத்திருக்கும். நிலவின் மேற்பரப்பு, காற்றில்லா வெளியில் கிடக்கும் நுண்தூள் என்று டச்சு வானியலாளர் வெசலிங்க் 1948இல் கணக்கிட்டுச் சொன்னார். 21 ஆண்டுகள் கழித்து அந்தத் தூளில் மனிதக் காலடி பதிந்தது.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் 'சேஸ்ட்' கருவி, 10 வெப்பநிலை உணரிகளுடன் நிலவின் தென்துருவப் பகுதி மண்ணுக்குள் இறங்கியது. மேற்பரப்பில் சுமார் 50 டிகிரி. 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10.