ஊரில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்கு நாய் வாங்கிக் கொடுக்கலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில்.. ஊரில் அப்பா, அம்மா மட்டும். இன்று பல வீடுகளின் நிலைமை இதுதான். "துணைக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துடலாமா?" என்ற பேச்சும் அடிக்கடி எழுகிறது. நாய் இருந்தால் வீட்டுக்குக் காவல், சரி. உடம்புக்கும் மனசுக்கும் நல்லதா? பார்க்கலாம்.

34 லட்சம் பேர், 12 ஆண்டுகள்

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த எண்ணில் பதிவாகிவிடும். 2001 முதல் வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்வதும் அங்கே கட்டாயம். இரண்டு பதிவேடுகளையும் பொருத்திப் பார்த்தால், யார் வீட்டில் நாய் இருக்கிறது, யாருக்கு இதய நோய் வந்தது என்பது தெரிந்துவிடும்.

இப்படி 40 முதல் 80 வயது வரையுள்ள சுமார் 34 லட்சம் பேரின் தரவுகளை, 12 ஆண்டு காலத்துக்கு அலசினார்கள். தனியாக வசிப்பவர்களில், நாய் வளர்ப்பவர்களுக்கு மற்றவர்களைவிட மரண அபாயம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. மாரடைப்பு அபாயம் 11 சதவீதம் குறைவு. குடும்பமாக வசிப்பவர்களிடமும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால், தனியாக இருப்பவர்களிடம்தான் அது அதிகம்.

ஏன் அப்படி? நாலு பேர் இருக்கும் வீட்டில் நாயை யாராவது ஒருவர் கூட்டிட்டுப் போவார். தனி ஆள் என்றால் தினமும் அவரேதான் நடக்கணும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத வீட்டில், நாயே குடும்ப உறுப்பினராகவும் ஆகிவிடுகிறது.

நடக்க வைக்கும் நாய்

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இந்த அளவை எட்டும் வாய்ப்பு, நாய் வளர்ப்பவர்களுக்குச் சுமார் 4 மடங்கு அதிகம் என்று 2019ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வு கூறியது. "நாளைக்குப் போய்க்கலாம்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கலாம். வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாயிடம் அது எடுபடாது!

மனசு லேசாவது எப்படி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், நாய், பூனைகளை 10 நிமிடம் தடவிக் கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் அளவு குறைந்தது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன் இது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டால், இருவருக்குமே ஆக்சிடோசின் அதிகரிப்பதை 2015ஆம் ஆண்டு ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பாசப் பிணைப்பில் பங்கு வகிக்கும் அதே ஹார்மோன்தான் இது.

அப்போ நாய்தான் மருந்தா?

இல்லை. ஸ்வீடன் ஆய்வு காட்டியது தொடர்பை மட்டுமே. நாய்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே ஆரோக்கியமாக, ஓடியாடி இருப்பவர்களே நாய் வளர்க்க முன்வந்திருக்கலாம். இதய நோய் அபாயத்தைக் குறைப்பதையே முதன்மை நோக்கமாக வைத்து செல்லப்பிராணி வாங்கக் கூடாது என்று அமெரிக்க இதய சங்கமும் 2013ஆம் ஆண்டே சொல்லிவிட்டது.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டு சோறு மட்டும் வைத்தால், நாயும் நடக்காது, நாமும் நடக்க மாட்டோம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* வேகமாக இழுக்கும் பெரிய நாய், முதியவர்களைக் கீழே தள்ளிவிடலாம். அமெரிக்காவில் நாயை நடைக்குக் கூட்டிச் சென்றபோது எலும்பு முறிந்து சிகிச்சைக்கு வந்த 65 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை, 2004 முதல் 2017க்குள் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. துறுதுறு குட்டியைவிட, வளர்ந்த, சாதுவான நாய் இவர்களுக்கு ஏற்றது.

* நாய் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். அப்பாவோ அம்மாவோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

* குட்டிக்கு 3 மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போட வேண்டும். வீட்டு நாயே கடித்தாலும், நகத்தால் கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

* சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் கட்டாயம்.

வாங்கிக் கொடுப்பது நீங்கள், வளர்க்கப் போவது அவர்கள். அதனால் "காலையிலும் சாயங்காலமும் உங்களால கூட்டிட்டுப் போக முடியுமா?" என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். முடியும் என்றால் நல்ல துணை கிடைக்கும். முடியாது என்றால், அவர்களோடு சேர்த்து ஒரு நாயையும் தனிமையில் விட்டதாகத்தான் ஆகும்.