ரோபோ வாக்குவம் கிளீனர்: வகைகளும் வீட்டிலேயே களையக்கூடிய கோளாறுகளும்

ரோபோ வாக்குவம் கிளீனர், தரையில் தானே ஊர்ந்து சென்று தூசியையும் குப்பையையும் உறிஞ்சும் பேட்டரிக் கருவி. பெரும்பாலும் வட்ட வடிவம். விட்டம் சுமார் 35 செ.மீ., உயரம் ஏறத்தாழ 10 செ.மீ. கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடியில் நுழைவதற்காகவே இவ்வளவு தட்டையாகச் செய்கிறார்கள். வீட்டில் இக்கருவிக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மோட்டாரோ சர்க்யூட்டோ பழுதாவதால் வருவதில்லை. ஏதாவது ஒரு சென்சாரை அழுக்கு மறைத்திருக்கும். அல்லது சுழல வேண்டிய அச்சில் முடி சுற்றியிருக்கும். எனவே கருவி எதைக் கொண்டு வழி அறிகிறது என்பது தெரிந்தால் கோளாறின் இடமும் பாதி தெரிந்துவிடும். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறியிருப்பதால் வரலாறு இங்கே தேவைப்படுகிறது.

வரலாறு

விற்பனைக்கு வந்த முதல் வீட்டு ரோபோ வாக்குவம், சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட டிரைலோபைட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒரு கடல்வாழ் கணுக்காலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வௌவாலைப் போல மீயொலி அலைகளை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தடைகளை அறிந்தது. படிக்கட்டின் விளிம்பிலும் வாசலிலும் காந்தப் பட்டையை ஒட்டிவைத்தால் அதைத் தாண்டாது. சார்ஜ் குறைந்ததும் தானாகவே சார்ஜருக்குத் திரும்பும். காலத்தை முந்திய கருவிதான்; ஆனால் விலை அதைப் பணக்கார வீடுகளோடு நிறுத்திவிட்டது.

2002 செப்டம்பரில் அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் 199 டாலர் விலையில் ரூம்பாவை வெளியிட்டது. எம்.ஐ.டி. ஆய்வாளர் ராட்னி புரூக்ஸும், அங்கே பயின்ற காலின் ஆங்கிள், ஹெலன் கிரைனர் ஆகியோரும் 1990-இல் தொடங்கிய நிறுவனம் அது. கோளாறுகளைப் பற்றிய கட்டுரையில் புரூக்ஸுக்கு இடம் தந்தே ஆக வேண்டும். ரோபோ முதலில் தன் உலகத்தின் முழுப் படத்தை உள்ளுக்குள் உருவாக்கி, திட்டம் போட்டு, அதன் பிறகுதான் நகர வேண்டும் என்று அன்றைய ஆய்வாளர்கள் கருதினார்கள். 1986-இல் வெளியான தம் கட்டுரையில் புரூக்ஸ் வேறு வழி காட்டினார். எளிய அனிச்சைச் செயல்களை அடுக்கடுக்காக அமைத்தால் போதும்: மோதினால் திரும்பு, பள்ளம் தெரிந்தால் பின்வாங்கு, ஒன்றும் இல்லையென்றால் சுற்றித் திரி. பழைய ரூம்பாக்கள் இந்த மரபில் வந்தவை. சுருளாகச் சுற்றுவது, சுவரோரமாகச் செல்வது, மோதித் திசை மாறுவது ஆகிய மூன்றையும் கலந்தே அவை ஓர் அறையைப் பெருக்கின. உள்ளே வரைபடம் என்று எதுவும் கிடையாது. ஒரே இடத்தை நாலைந்து முறை பெருக்கும், இன்னோர் இடத்தைக் கடைசியில்தான் தொடும். ஆனாலும் அறை சுத்தமாகிவிடும்.

முதல் ரூம்பாவுக்கு டாக் எனப்படும் சார்ஜ் மேடை இல்லை; வயரை நாமே செருக வேண்டும். தானாகத் திரும்பி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வசதி 2004-இல் வந்தது. அதே ஆண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தொட்டது. 2007-இல் வந்த 500 வரிசை, பழுது பார்ப்பவர்கள் கொண்டாட வேண்டிய வடிவமைப்பு. சக்கரம், பிரஷ் தொகுதி, பக்கவாட்டு பிரஷ் ஆகிய ஒவ்வொன்றும் தனித் தொகுதி. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். 

வரைபடம் மீண்டும் உள்ளே நுழைந்தது 2010-இல், நியாட்டோ எக்ஸ்வி-11 மூலம். அதன் தலையில் சுழன்ற லேசர் தூரமானி பற்றி 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. தொழிற்சாலைகளில் பயன்பட்ட லேசர் அளவிகள் ஆயிரக்கணக்கான டாலர் விலை பெற்ற காலத்தில், இதன் உற்பத்திச் செலவு 30 டாலருக்குள் அடங்கும் என்று அக்கட்டுரை காட்டியது. நியாட்டோ அறையை அளந்து, நேர்கோடுகளாகப் பெருக்கியது. 2015-இல் ரூம்பா 980 கேமராவைக் கொண்டு வரைபடம் போடத் தொடங்கியது. 2014-இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்ட ரோபோராக் நிறுவனம், ஷாவ்மிக்காக 2016-இல் செய்துகொடுத்த லேசர் வாக்குவத்தின் விலை 1699 யுவான். லேசரை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தது அதுதான். இப்போது குப்பையைத் தானே காலிசெய்யும், மாப்பைத் தானே அலசி உலர்த்தும் டாக்குகள் பரவிவிட்டன; சந்தையில் சீன நிறுவனங்களின் கை ஓங்கியிருக்கிறது.

வகைப்பாடு

விற்பனையாளர்கள் உறிஞ்சு திறனையும் மாப் வசதியையும் வைத்து வகை பிரிக்கிறார்கள். கோளாறு பார்க்க அது உதவாது. வழி அறியும் முறையை வைத்துப் பிரிப்பதே சரியானது. அப்படிப் பார்த்தால் நான்கு வகைகள்.

மோதித் திரிபவை முதல் வகை. இவற்றுக்கு முன் பம்பரும் அடிப்புறச் சென்சார்களும்தான் எல்லாம். தொட்டு அறிவதால் தொடும் பாகம் சிக்கினால் நிலைகுலையும். கைரோவைக் கொண்டு திசையையும், சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டு தூரத்தையும் கணக்கிட்டு வரிவரியாகச் செல்பவை இரண்டாம் வகை. விலை குறைந்த மாதிரிகள் பலவும் இதில் அடங்கும். வழுவழுப்பான பாயிலோ நழுவும் கால்மிதியிலோ சக்கரம் வழுக்கினால் இவற்றின் கணக்கு பிசகும், கோடுகள் கோணலாகும். மூன்றாம் வகை கேமராவை நம்புபவை. கூரை, ஜன்னல், படச்சட்டம் போன்ற அடையாளங்களை நினைவில் வைத்துத் தம் இடத்தை அறிகின்றன. அதனால்தான் விளக்கை அணைத்த அறையில் தடுமாறுகின்றன. இரவில் ஓடவிட்டுக் காலையில் பாதி வீடுதான் பெருக்கியிருக்கிறது என்றால் முதலில் லைட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது லேசர் வகை. இருட்டு இதற்குப் பொருட்டில்லை, கண்ணாடி பொருட்டு. தரையைத் தொடும் நிலைக்கண்ணாடி இருந்தால் லேசர் அதில் பட்டுத் திரும்பி, சுவருக்கு அப்பால் இல்லாத ஓர் அறையை வரைபடத்தில் காட்டும். கண்ணாடியின் அடிப்பகுதியில், கருவியின் மேல் சுழலும் லேசர் கோபுரத்தின் உயரத்துக்கு, ஒளி ஊடுருவாத தாள் ஒட்டினால் அந்தப் போலி அறை மறைந்துவிடும். கோபுரம் சுழலவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் விரலால் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். பல மாதிரிகளில் ஒரு சிறு மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாக அதைச் சுழற்றுகிறது. பெல்ட் தளர்ந்தாலோ முடி சிக்கினாலோ வேகம் குறையும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

ஒரே இடத்தில் வட்டமிடுவதும், கொஞ்சம் பின்வாங்கி மறுபடி திரும்புவதும் பழைய ரூம்பா வைத்திருப்போர் நன்கறிந்த கோளாறு. பம்பரின் ஒரு பக்கம் உள்ளே அழுந்தியபடி நின்றுவிட்டால், எதன்மீதோ மோதிக்கொண்டே இருப்பதாகக் கருவி எடுத்துக்கொள்கிறது. பம்பரை இடமும் வலமும் பலமுறை அழுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் துள்ளி வெளியே வர வேண்டும். வராவிட்டால் இடுக்கில் மணலோ குப்பையோ இருக்கும், காற்றடித்து எடுக்கலாம். பம்பர் சரியாக இருந்தும் வட்டமிட்டால் ஒரு பக்கச் சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சற்று ஓடிவிட்டு நின்றுவிடும் கோளாறுக்கு முன்புறச் சிறு சக்கரம் காரணமாகலாம். ரூம்பாவின் பல மாதிரிகளில் இந்தச் சக்கரம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அலங்காரத்துக்காக அப்படிச் செய்யவில்லை. மேலே குழிக்குள் இருக்கும் ஓர் ஒளிச் சென்சார், கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதைப் பார்த்தே கருவி உண்மையில் நகர்கிறது என்று உறுதி செய்துகொள்கிறது. தூசி படிந்து வெள்ளைப் பக்கம் மங்கினால், அல்லது அச்சில் முடி இறுகிச் சக்கரம் சுழலாமல் இழுபட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே தான் சிக்கிக்கொண்டதாகக் கருவி முடிவெடுக்கும். கருவியைக் கவிழ்த்துவைத்து அந்தச் சக்கரத்தை இழுத்தால் கழன்று வந்துவிடும். சக்கரத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, உலோக அச்சை உருவி, முடியை எடுத்து, குழியையும் துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்தினால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை இது. இதற்குப் போய் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிச் செல்லத் தேவையில்லை.

மெயின் பிரஷ்ஷில் கண்ணுக்குத் தெரியும் முடியை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். தெரியாத முடிதான் கெடுதல் செய்கிறது. உருளையின் முனையில் இருக்கும் மூடியைக் கழற்றிப் பார்த்தால், பேரிங்குக்கும் மூடிக்கும் நடுவே அது கெட்டித்துப்போய் அடைத்திருக்கும். அப்படியே விட்டால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் முனை உருகிவிடும். நீண்ட கூந்தல் உள்ள வீடுகளில் வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. ஒரு ஸ்க்ரூவில் நிற்கும் பக்கவாட்டு பிரஷ்ஷின் அடியிலும் இதே கதைதான். தூரிகை மயிர் இல்லாத ரப்பர் உருளைகள் ரூம்பாவில் 2013-இல் வந்தன. அவற்றில் முடி சுற்றுவது குறைவு, நின்றுவிடவில்லை.

சமதரையிலேயே படிக்கட்டைக் கண்டதுபோல் பின்வாங்கினால் அடிப்புற விளிம்பில் உள்ள பள்ளச் சென்சார்களைப் பார்க்க வேண்டும். இவை அகச்சிவப்பு ஒளியைக் கீழே செலுத்தி, தரையில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்ப்பவை. சென்சார் முகப்பில் தூசி படிந்தால் ஒளி திரும்பாது. உலர்ந்த மென்துணியால் துடைத்தால் தீரும். கறுப்புக் கம்பளம் ஒளியை விழுங்கிவிடுவதால் அதுவும் பள்ளமாகவே தெரியும். சென்சார்மீது வெள்ளைத் தாளை ஒட்டி ஏமாற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. மாடிப்படி இல்லாத வீட்டிலும் பால்கனி விளிம்பும் வாசற்படியும் உண்டு. அந்தக் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடவிடுவதே முறை.

டாக்குக்குத் திரும்பாததற்கு இடநெருக்கடியே பெரும்பாலும் காரணம். இருபுறமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நேர் வெயில் படும் இடமும் ஆகாது. வெயிலில் உள்ள அகச்சிவப்புக் கதிர்கள் டாக்கின் சிக்னலை மூழ்கடிக்கின்றன. டாக்கில் போய் நின்றும் சார்ஜ் ஏறாவிட்டால், முதலில் சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கருவியிலும் டாக்கிலும் உள்ள உலோகத் தகடுகளை உலர்துணியால் தேய்க்க வேண்டும். பழைய நிக்கல் பேட்டரி ரூம்பாக்களுக்கு 16 மணி நேர நீள் சார்ஜ் ஒரு மருந்தாக இருந்தது. இன்றைய லித்தியம் பேட்டரிகளுக்கு அது பொருந்தாது. அவற்றை டாக்கிலேயே விட்டுவைப்பதால் கெடுதல் இல்லை. முன்பு ஒன்றரை மணி நேரம் ஓடியது இப்போது இருபது நிமிடத்தில் ஓய்ந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. உப்பிய பேட்டரியை ஒருபோதும் மீண்டும் சார்ஜ் போடக் கூடாது.

உறிஞ்சும் வேகம் குறைந்தால் ஃபில்டரைத் தட்டிப் பார்க்க வேண்டும். பெயின்ட் தேய்த்த தூளும் சிமென்ட் தூளும் அதை ஒரே நாளில் அடைத்துவிடும். கழுவலாம் என்று குறிக்கப்பட்ட ஃபில்டரை மட்டுமே கழுவலாம். கழுவியதை 24 மணி நேரம் காயவிட வேண்டும். ஈர ஃபில்டரோடு ஓடவிட்டால் மோட்டாருக்குள் ஈரம் போகும்.

வரைபடம் குழம்புவதற்குப் பொதுவான காரணம், ஓடிக்கொண்டிருக்கும் கருவியை யாராவது தூக்கி வேறிடத்தில் வைத்துவிடுவது. நகர்த்த வேண்டியிருந்தால் நிறுத்தி, டாக்கில் வைத்து மறுபடி தொடங்குவது நல்லது. ஆப்பில் இணையாத சிக்கலுக்கு வைஃபையே காரணம்: பெரும்பாலான மாதிரிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும். ரவுட்டரில் அதைத் தனிப் பெயரில் பிரித்துவைத்தால் இணைந்துவிடும்.

மாப் செய்யும் மாதிரிகளில் தண்ணீர் சொட்டாமல் போவது, சென்னை போன்ற போர்வெல் நீர் ஊர்களில் அடிக்கடி நேரும். உப்பு நீரின் சுண்ணாம்பு நுண்துளைகளை அடைக்கிறது. ஆர்.ஓ. அல்லது காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவதும், வேலை முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து உலர்த்துவதும் போதும். ஃபினாயில் ஊற்றக் கூடாது. ரப்பரையும் பம்பையும் கெடுக்கும்.

உதிரிப் பாகங்கள்

பிரஷ், ஃபில்டர், பேட்டரி ஆகியவை தேய்மானப் பொருள்கள். வாங்கும்போதே இவை கிடைக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும். நியாட்டோ 2023-இல் மூடப்பட்டது. ஐரோபாட்டை வாங்குவதாக 2022-இல் அறிவித்த அமேசான் 2024 ஜனவரியில் பின்வாங்கியது. 2025 டிசம்பரில் ஐரோபாட் திவால் பாதுகாப்பு கோரியது. நிறுவனம் போனால் ஆப் நின்றுபோகலாம். கருவியின் மேலிருக்கும் ஸ்டார்ட் பட்டன் மட்டும் அப்போதும் வேலை செய்யும். பொருத்தமான உதிரிப் பாகங்களை மற்ற தயாரிப்பாளர்களும் செய்து விற்கிறார்கள்.