வணிக வான்போக்குவரத்துச் சான்றளிப்பு (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் கட்டணம் பெற்றுப் பயணிகளையோ சரக்கையோ வானூர்தியில் ஏற்றிச்செல்லும் நிறுவனங்களும், அவ்வானூர்திகளைச் செலுத்தும் விமானிகளும் தனித்தனியே சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். இவற்றைக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் வழங்குகிறது. விமானிகளுக்கு உரிமம் வழங்கும் முறை 1926 ஆம் ஆண்டின் வான் வணிகச் சட்டத்தால் கூட்டாட்சி அரசின் பொறுப்பாயிற்று.

நிறுவனச் சான்றிதழ்

பெரிய வானூர்திகளைக் கொண்டு காலஅட்டவணைப்படி சேவை நடத்தும் நிறுவனங்கள் விதித்தொகுப்பின் 121 ஆம் பகுதிக்கும், சிறு வானூர்திகளை வாடகைக்கு இயக்கும் நிறுவனங்கள் பொதுவாக 135 ஆம் பகுதிக்கும் உட்பட்டவை. ஒரு நிறுவனத்தின் கையேடுகள், பயிற்சித் திட்டம், பராமரிப்பு ஏற்பாடுகள் ஆகியன ஆராயப்பட்டு, அவை நடைமுறையில் செயற்படுவதும் சோதிக்கப்பட்ட பின்னரே சான்றிதழ் கிடைக்கும். 121 ஆம் பகுதி நிறுவனங்கள் பாதுகாப்பு, இயக்கம், பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி இயக்குநர்களையும், தலைமை விமானியையும், தலைமை ஆய்வாளரையும் கொண்டிருத்தல் வேண்டும்.

விமானிச் சான்றிதழ்

* வணிக விமானி: குறைந்த வயது 18. பொதுவாக 250 மணிநேரப் பறப்பு அனுபவம் தேவை.
* விமான நிறுவன விமானி: குறைந்த வயது 23. 1,500 மணிநேர அனுபவம் தேவை. இதுவே மிக உயர்ந்த நிலை.

1,500 மணிநேர விதி

2013 வரை 121 ஆம் பகுதி நிறுவனங்களில் தலைமை விமானிக்கு மட்டுமே உயர்நிலைச் சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. துணை விமானிக்கு வணிகச் சான்றிதழே போதுமானதாக இருந்தது. 2009 பெப்ரவரி 12 அன்று நுவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் 3407 வானூர்தி ஒரு வீட்டின்மீது வீழ்ந்து 50 பேர் இறந்தனர். இறக்கைகள் தூக்குவிசையை இழக்கவிருப்பதை எச்சரிக்கும் கருவி இயங்கியபோது, முகப்பைத் தாழ்த்துவதற்கு மாறாகத் தலைமை விமானி உயர்த்தியதே காரணம் என விசாரணை கண்டறிந்தது. உயிரிழந்தோரின் குடும்பத்தினர் தொடர்ந்து வலியுறுத்தியதன் பயனாக 2010 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் உயர்நிலைச் சான்றிதழ் கட்டாயமாயிற்று. படைத்துறை விமானிகளுக்கு 750 மணிநேரமும், அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளில் வான்போக்குவரத்து இளங்கலைப் பட்டம் பெற்றோருக்கு 1,000 மணிநேரமும் போதும். இவர்கள் 21 வயதிலேயே துணை விமானியாகலாம்.

விமர்சனம்

விபத்துக்குள்ளான வானூர்தியின் இரு விமானிகளும் 1,500 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர்களே. ஆகவே மணிக்கணக்கைவிடப் பயிற்சியின் தரமே முதன்மையானது என்றும், இவ்விதி விமானிப் பற்றாக்குறைக்கு வழிசெய்கிறது என்றும் சிலர் கூறுகின்றனர். விமானிகள் சங்கங்களும் உயிரிழந்தோரின் குடும்பத்தினரும் விதியைத் தளர்த்தக்கூடாது என்கின்றனர். பயிற்சி பற்றிய குறையும் கவனிக்கப்பட்டது: 2014 ஆகத்து முதல், பல எஞ்சின் வானூர்திகளுக்கான உயர்நிலைச் சான்றிதழ்த் தேர்வெழுதுமுன் 30 மணிநேர வகுப்பும் 10 மணிநேரப் பறப்புப் பாவனைக் கருவிப் பயிற்சியும் முடித்திருத்தல் கட்டாயமாகும்.