குடும்பத் தலைவர் என்ற கட்டம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கலியாணம் பேசினால் வீடும் வளவும் அவள் பேருக்கு உறுதி எழுதப்படும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேருவார். ஆரையம்பதித் தமிழருக்கும் அடுத்த ஊரான காத்தான்குடி முஸ்லிம்களுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. குடி என்கிற வம்சப் பிரிவும் தாய்வழியில்தான் இறங்கும். கோயிலுக்கு வண்ணக்கர், பள்ளிவாசலுக்கு மரைக்காயர் என்று ஆள் வைக்கும்போது இரு பகுதியாரும் பார்த்தது அந்தக் குடிக் கணக்கைத்தான். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கியிருந்து இதையெல்லாம் விசாரித்து ஒரு தடித்த புத்தகமே எழுதினார். ஆரையம்பதியில் பிறந்த எங்களுக்கு அதில் விசாரிக்க என்ன இருந்தது?

சமூகசேவை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விசாரிக்க இருந்தது தெரிந்தது. கையில் தந்த முதல் படிவத்தின் முதல் கட்டம்: குடும்பத் தலைவர் பெயர். ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான ஆணைக்குழு 1947 இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1948 இல் உருவானது எங்கள் திணைக்களம். ஏழை யார், உதவி எந்த வழியால் போகவேண்டும் என்பதெல்லாம் கொழும்பில் இருந்து யோசித்தவை. உழைக்கப் போகும் ஆண், அவன் நிழலில் மனைவி, பிள்ளைகள். அந்த யோசனைக்குள் இருந்த குடும்பம் அதுதான். கந்தோரில் பொதுசன உதவிப்பணம் என்போம், சனங்கள் பிச்சைச் சம்பளம் என்பார்கள். அதைக் கேட்டு என்னிடம் வந்தவர்களில் அநேகர் பெண்கள். என்றாலும் அந்தக் கட்டத்தில் புருஷன் பேரை எழுதி, பக்கத்தில் ‘காலஞ்சென்ற’ என்று போடுவது வழக்கம். வழக்கத்தை நானும் கேள்வி கேட்கவில்லை.

1990 இல் ‘காலஞ்சென்ற’ என்று எழுதவும் வழியில்லாமல் போயிற்று. யூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. யூலை 12, குருக்கள்மடத்தில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் மறித்துக் கொண்டுபோனார்கள். ஒருவரும் வீடு வரவில்லை. ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுடப்பட்டார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூரிலும் கொலைகள். செப்டெம்பர் 5, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்த தமிழர்களை இராணுவம் வரிசையில் விட்டு, ஆள்காட்டும் தலையாட்டிகளை வைத்துப் பிரித்து 158 பேரை ஏற்றிக்கொண்டு போனது. செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டான். கொல்லப்பட்டவர்களுக்கு ஊரவர் வைத்திருக்கும் கணக்கு 184, குழந்தைகளும் அதற்குள். இரண்டு மாதத்துக்குள் இத்தனையும்.

கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குச் செய்யவேண்டியதற்கு ஒரு நடைமுறை இருந்தது. கொண்டுபோகப்பட்டவரின் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. பேரைக் குறித்து வைக்கக்கூட அரசாங்கத்தில் ஆளில்லாத நாளில் அதைச் செய்தவர்கள் பிரஜைகள் குழுவும் சமாதானக் குழுவும்தான். பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளாரை 1988 யூனிலேயே சுட்டுவிட்டார்கள். லூசியானாவிலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர்ட், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் தானே காணாமற்போனார். அவருடைய தோழர் ஹரி மில்லர் அடிகளார் வருகிறவர்களின் முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் கந்தோர்க் கோப்புகளை விட அந்தப் பட்டியல்கள் ஒழுங்காக இருந்தன என்பதை இப்போது சொல்லலாம், பென்சன் எடுத்துவிட்டேன்.

அந்த ஆண்டுகளில் பெண்களைத் தாங்கியது என் திணைக்களமல்ல, வீட்டு உறுதி. புருஷனைக் கொண்டுபோன பிறகும் அவளை எழும்பு என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இருக்கவில்லை. இருந்த வளவு அவளுடையது, பக்கத்து வளவு தங்கச்சியுடையது, பின்வளவில் தாய். வேலிக்கு அங்கால் போய் ஒரு சுண்டு அரிசி வாங்க அவள் கூனிக்குறுகத் தேவையில்லை. வேறு மாவட்டங்களில் வேலை செய்த தோழிகள், மாமியார் வீட்டிலிருந்து இறக்கிவிடப்பட்ட விதவைகளைப் பற்றிச் சொல்லும்போது, எங்கள் வழக்கத்தின் பெறுமதி எனக்கு விளங்கியது. ஆனால் வீடிருந்தால் உலை கொதிக்குமா? அதற்குக் காசு வேண்டும், காசுக்குக் கடதாசி வேண்டும்.

1995 இல் வந்த தற்காலிகச் சட்டம், ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க இடம் தந்தது. நட்டஈட்டுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது. அப்போது கச்சேரி ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது. அதன் விறாந்தை வாங்கில் வந்தாறுமூலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் காத்தான்குடி முஸ்லிம் பெண்களும் ஒரே நாளில், ஒரே படிவத்தோடு வந்திருந்தார்கள். முதலில் நடுவில் இரண்டு ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. முஸ்லிம் பெண்ணின் புருஷனைக் கொண்டுபோனவர்கள் தமிழ்ப் பெண்ணின் ‘ஆட்கள்’. தமிழ்ப் பெண்ணின் புருஷனைத் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவர்கள் முஸ்லிம் பெண்ணின் ‘ஆட்கள்’ என்ற பேச்சு இரண்டு ஊரிலும் இருந்தது. எனக்கும் அது தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஒரு காத்தான்குடிப் பெண் என்னிடம் கேட்டாள்: “மௌத்தாப் போனாரெண்டு கையெழுத்துப் போடச் சொல்றீங்க மிஸ். மையத்தக் காணல்ல. நான் எப்ப இத்தா இருக்கிற?” புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் காலம் எப்போது தொடங்கும் என்ற அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. வாங்கின் மற்றப் பக்கம் இருந்த பெண் சொன்னாள்: “எனக்கும் அதுதான் ராத்தா. பொட்டை அழிக்கிறதா விடுறதா எண்டு ஆரும் சொல்லுறாங்க இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “போட்டோக் கொப்பி ரெண்டு எடுத்து வையுங்க, உள்ளுக்கு இருக்கிற ஆள் ஒண்டத் துலைச்சுப்போட்டு மறுகா வா எண்டுவார்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இதை வைத்து இனங்கள் ஒன்றுபட்டன என்று கதை கட்டமாட்டேன். அவர்கள் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை. எந்த லிகிதர் எந்தக் கடதாசி கேட்பார், சமாதான நீதவான் கையெழுத்துக்கு எவ்வளவு எடுப்பார் என்றுதான் பேசினார்கள். ஆனால் அடுத்த தவணைக்கு வரும்போது ஒருத்திக்கு ஒருத்தி இடம் பிடித்து வைத்திருந்தார்கள். 1987 உடன்படிக்கையையும் 2002 உடன்படிக்கையையும் நான் பத்திரிகையில் வாசித்தேன். சமாதானம் என்ற ஒன்றை வேலை நேரத்தில் கண்ணால் கண்டது அந்த வாங்கில்.

தெரிந்து திட்டமிட்டு இதைச் செய்தவர்களும் உண்டு. கொழும்பு முகாம்களில் இருந்த வடக்கு, கிழக்குப் பெண்களுக்காக 1991 இல் தொடங்கி, 1993 இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இரு பகுதிப் பெண்களோடும் வேலை செய்தது. 1996 இல் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் போல் சற்குணநாயகம் அடிகளாரும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் கிழமைக்கு ஒரு நாளாக ஒன்பது மாதம் அங்கே வந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். சமாதானம் பற்றி அங்கே பாடம் எடுக்கவில்லை. அதனால்தான் அது நல்ல இடம் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் ஹோட்டல் மண்டபங்களில் நடந்த நல்லிணக்கப் பட்டறைகளில் சாப்பாட்டுப் பார்சல் தவிர வேறொன்றையும் சனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனதாக நான் அறியேன்.

வாவிக்கு அக்கரையான படுவான்கரை புலிகளின் கையிலும், எழுவான்கரை இராணுவத்தின் கையிலும் இருந்த காலத்திலும் அரசாங்க உத்தியோகத்தர்கள் இரண்டு பக்கமும் போய்வந்தார்கள். மண்முனையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, இக்கரைச் சென்றியிலும் அக்கரைச் சென்றியிலும் பையைத் திறந்து காட்டி, பிச்சைச் சம்பளப் பதிவேட்டைக் கொண்டுபோவோம். நாட்டின் இரண்டு அதிகாரங்களும் ஒத்துக்கொண்ட ஒரே புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

2004 டிசெம்பர் 26 சுனாமியாகக் கடல் வந்தபோது, குடும்பத் தலைவர் என்ற அந்தக் கட்டம் திரும்பவும் குறுக்கே நின்றது. நாவலடி, கல்லடி, காத்தான்குடி, மருதமுனை என்று ஊர் பார்க்காமல் அடித்தது. முதல் நாட்களில் பள்ளிவாசல் சோற்றைத் தமிழரும், கோயில் சோற்றை முஸ்லிம்களும் சாப்பிட்டார்கள். பிறகு வீட்டுத் திட்டங்கள் வந்தன. கடலோடு போனவை பெண்களின் சீதன வளவுகள். திராய்மடு போன்ற இடங்களில் அரச காணியில் கட்டிய புது வீடுகளின் பத்திரம் ஒரு பேருக்குத்தான், அந்தப் பேர் குடும்பத் தலைவர், அதாவது புருஷன். இருபது வருடச் சண்டை பறிக்காததை நிவாரணம் ஒரு கையெழுத்தில் பறித்தது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து இதை எதிர்த்தன. தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே கோரிக்கையோடு வந்தார்கள், ஏனென்றால் இரண்டு பேரும் இழந்தது ஒரே உரிமையை. நான் பார்த்த கோப்புகளில் சிலதில் பெண் பேர் ஏறியது. பலதில் ஏறவில்லை.

2007 யூலையில் குடும்பிமலை விழுந்தது, கிழக்கில் சண்டை முடிந்தது. 2014 இல் மண்முனைக்குப் பாலம் வந்தது. பாதைக்குக் காத்துநின்ற சனங்கள் ஐந்து நிமிடத்தில் கடக்கிறார்கள். அதே பாலத்தால் கிழமைக்கடன்காரரின் மோட்டார்சைக்கிள்களும் படுவான்கரைக்குப் போயின. புருஷனில்லாத வீடுகளைத்தான் அவர்கள் முதலில் தட்டினார்கள். தவணை தவறினால் பக்கத்து வீட்டுக்காரி பொறுப்பு என்று குழுவாகக் கடன் கொடுத்ததில், போரிலும் பிரியாத அயலவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இன்று மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். அவற்றில் காத்தான்குடி, ஏறாவூர் நகர், கோறளைப்பற்று மேற்கு, கோறளைப்பற்று மத்தி ஆகிய நான்கும் முஸ்லிம்கள் பெரும்பான்மையானவை. 1990 ஐக் கண்டவர்கள் தங்களுக்கென்று தனிக் கந்தோர் கேட்டதில் பிழை சொல்லமாட்டேன். பயந்து பயந்து யாரும் உதவி கேட்கப் போகத் தேவையில்லை. ஆனால் அதன் விலை, ஒரே வாங்கு இல்லாமல் போனது. என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளிடம் கேட்டேன்: அடுத்த இனத்து விதவை ஒருத்தியைப் படிவத்தோடு கண்டிருக்கிறாயா? இல்லை மிஸ் என்றார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் போய்ப் பேசக்கூடியவர்களாக முதலில் நினைவுக்கு வந்தவர்கள் அந்தக் கச்சேரி விறாந்தைக் காலத்துப் பெண்கள்தான். அதற்குள் அவர்களில் பலருக்கு எழுபது தாண்டியிருந்தது.

2016 இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைத் தந்தார்கள். இருபத்தாறு வருடம் பிந்தி வந்தாலும் அது சரியான கடதாசி. 2019 இல் அந்தச் சான்றிதழ் உள்ள குடும்பத்துக்கு மாதம் 6,000 ரூபாய் என்று அறிவித்தபோது, காசைத் தந்து கேள்வியை மூடப்பார்க்கிறார்கள் என்று தாய்மார் கோபப்பட்டார்கள். கோபம் நியாயம். காசும் நியாயம் என்று நான் சொன்னபோது என்னோடும் கோபப்பட்டார்கள்.

காணாமற்போனவர்கள் பற்றிய விசாரணைகளை ஊர் ஊராக, இனம் இனமாக வைக்காமல் குருக்கள்மடத்துக் குடும்பங்களையும் வந்தாறுமூலைக் குடும்பங்களையும் ஒரே நாளில் ஒரே மண்டபத்துக்குக் கூப்பிடுங்கள் என்று ஒரு கந்தோருக்கு எழுதினேன். அத்தனை பேர் இருக்க வாங்கு போதாது என்று பதில் வந்தது. வாங்கை ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் இரவல் வாங்கித் தருகிறேன், தேதியைச் சொல்லுங்கள் என்று திரும்பவும் எழுதியிருக்கிறேன்.