ஒரு படி போதாது

அச்சங்குளம் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைகளை இடைவெளி விட்டே கட்ட வேண்டும் என்பது விதி. ஓர் அறையின் தீ அடுத்ததைத் தீண்டலாகாது. எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருப்பின் என்னாகும் என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகமே சான்று. 1981இல் அங்கு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிக்கப்பட்டன. அச்சேறியவற்றுள் பலவற்றுக்கு வேறிடங்களில் படிகள் இருந்தன. படியெடுக்கப்படாத ஓலைச்சுவடிகளோ சாம்பலோடு முடிந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேமித்து வருவது அந்த இழப்பின் பாடம் எனலாம்.

வீட்டுக் கணினியில் இரட்டை வன்தட்டு பூட்டி நிம்மதி கொள்கிறோம். ஒன்று பழுதானால் மற்றது காக்கும், மெய்தான். ஆயினும் தவறி அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். தீ இரண்டையும் தின்னும். நண்பர்களே, இன்னொரு படியை வேறோர் ஊரில் வையுங்கள்.